பிஞ்சுக் கையும் வாயில்லா ஜீவனும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுப் பிராணிகளோடு வளரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகனுக்கு இரண்டரை வயது. நான்கு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறோம். வாலைப் பிடித்து இழுக்கிறான், காதை முறுக்குகிறான், மேலே ஏறி உட்காருகிறான். 'இழுக்காதே' என்றால் சிரித்துக்கொண்டே இன்னும் இழுக்கிறான். இரண்டு அடி போட்டும் பார்த்தாயிற்று. என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டரை வயதுப் பிள்ளைக்கு எதையும் இறுகப் பிடிக்க வரும், பிடியைத் தளர்த்தத்தான் வராது. மெத்தென்று ஏதாவது கையில் பட்டால் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். அவன் இழுப்பதில் பெரும்பகுதி இதுதான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீங்கள் கத்துவதும் குட்டி துள்ளுவதும் அவனுக்கு நல்ல வேடிக்கை, அதனால் திரும்பத் திரும்பச் செய்கிறான். அடித்தால், தன்னைவிடச் சின்னதை அடிக்கலாம் என்பதை உங்களிடமிருந்தே கற்றுக்கொள்வான்.

எதைச் செய்யக்கூடாது என்று சொல்வதை விட்டு, எப்படித் தொடுவது என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். இருவரும் தரையில் உட்காருங்கள். குட்டியைத் தூக்கி வந்து மடியில் வைக்க வேண்டாம், அதுவாக வரட்டும். வந்ததும் பிள்ளையின் கையை உங்கள் உள்ளங்கைக்குள் வைத்து, விரல்களை விரித்து, குட்டியின் தோளிலிருந்து முதுகுப் பக்கமாக, முடி படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாகத் தடவுங்கள். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணி முடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். இதில் முக்கியமே கையை எடுப்பதுதான். எடுத்த பிறகு குட்டி என்ன செய்கிறது என்று இருவரும் பாருங்கள். நெருங்கி வந்து உரசினால் இன்னும் மூன்று எண்ணிக்கை. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்து போனாலோ, 'அதுக்குப் போதுமாம், அப்புறம் வரும்' என்று சொல்லி விட்டுவிடுங்கள். பின்னாலேயே துரத்திப் போகக்கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். பிள்ளை பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும் நேரம் வேண்டாம்.

தொட வேண்டிய இடங்கள் தோள், நெஞ்சு, முதுகு. வால், காது, பாதம், முகம் இந்த நான்கும் தொடக்கூடாதவை. உச்சந்தலையில் மேலிருந்து கை வைப்பதையும் பல நாய்கள் விரும்புவதில்லை. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு, நாய்க்கோ நகர முடியாமல் அகப்பட்டுக்கொண்ட நிலை. அந்த நேரத்தில் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி படுவதற்கு இது ஒரு காரணம்.

இத்தனையும் செய்த பிறகும் இழுக்கத்தான் செய்வான். அப்போது அவன் கைமேல் உங்கள் கையை வைத்து விரல்களைத் தளர்த்திவிட்டு, 'அதுக்கு வலிக்கும்' என்று ஒரே வரியில் சொல்லி, அவனைத் தூக்கி வேறு பக்கம் உட்கார வையுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒவ்வொரு முறையும் இதையே செய்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். அம்மா ஒரு மாதிரியும் பாட்டி ஒரு மாதிரியும் நடந்துகொண்டால் தெரியாது.

பெரியவர்களின் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளை தடுக்கி விழுந்தால், சமாதானப்படுத்துவதற்காகத் தரையையோ பக்கத்தில் நிற்கும் நாயையோ 'உன்னைத் தள்ளிவிட்டுச்சா?' என்று அடித்துக் காட்டுகிறோம். 'சாப்பிடலேன்னா நாய்கிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்' என்று மிரட்டி ஊட்டுகிறோம். முதலாவது, நாய் அடிபட வேண்டியது என்று கற்றுத்தருகிறது. இரண்டாவது, நாய் பயப்பட வேண்டியது என்று கற்றுத்தருகிறது. இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

குட்டியின் பக்கமும் ஒரு சேதி உண்டு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு உறுத்துவதால் கையில், துணியில், காலில் எல்லாம் வாய் வைக்கும். பழைய பருத்தித் துணியை முறுக்கி, முடிச்சுப் போட்டு, நனைத்துக் கொடுத்தால் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். நைந்துபோனால் விழுங்குவதற்குள் மாற்றிவிடுங்கள். பிள்ளை கையில் முறுக்கோ பிஸ்கட்டோ இருக்கும்போது இருவரையும் சேர்த்து விடாதீர்கள்.

குட்டிக்கென்று பிள்ளை நுழையாத ஓர் இடமும் வேண்டும். கட்டிலுக்கு அடியிலோ தாழ்வாரத்து மூலையிலோ ஒரு சாக்கை மடித்துப் போட்டால் போதும். அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் தொடக்கூடாது. மாட்டுக்கொட்டகை ஓரமாகச் சங்கிலியில் கட்டிப்போடும் வீடுகள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கட்டிப்போட்ட நாயால் விலகிப் போக முடியாது. விலக முடியாதபோதுதான் பல்லைக் காட்டும். கட்டியிருக்கும் நாயிடம் பிள்ளையை விடவே விடாதீர்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுங்கள். காலையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் குட்டியின் சட்டியில் ஊற்றுவது இரண்டரை வயதுக்கு முடியும். பாதி தரையில் சிந்தும், சிந்தட்டும்.

கேள்வி: உம்பளச்சேரி இன மாட்டுக் கன்று ஒன்று இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதன் நெற்றியோடு நெற்றி வைத்து முட்டி விளையாடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் சிலர் தடுக்கிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தடுப்பவர்கள் சொல்வதுதான் சரி. நெற்றியில் கை வைத்துத் தள்ளுவது கன்றுக்கு முட்டிப் பார்க்கும் அழைப்பு. பிறந்தபோது செம்பழுப்பாக இருக்கும் உம்பளச்சேரிக் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது, ஆனால் முட்டும் பழக்கம் மாறுவதில்லை. உடம்பு வளர்ந்த பிறகு அதே விளையாட்டைக் கொம்போடு விளையாடும். ஆட்டுக்குட்டிக்கும் இதே கதைதான். கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலைச் சொறிந்துவிடச் சொல்லிக்கொடுங்கள், கன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் வர வேண்டும், பின்னங்கால் பக்கம் நிற்கவே கூடாது. கன்று ஈன்று ஒரு வாரம் பத்து நாள் வரை தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் பிள்ளைகள் போகக்கூடாது, சாதுவான பசுவும் அப்போது பாயும். மாட்டுப் பொங்கலன்று தாம்பாளம் தட்டிக் கூவும்போதும், கொம்பில் கட்டிய பலூன் வெடிக்கும்போதும் மாடு மிரளும். பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழு வயது நாய், இதுவரை யாரையும் கடித்ததில்லை. போன மாதத்திலிருந்து, சாப்பிடும்போது நான்கு வயதுப் பேத்தி பக்கத்தில் போனால் உறுமுகிறது. உறுமும்போதே அடித்துத் திருத்த வேண்டும் என்கிறார் என் தம்பி.
– வாசகர், பாபநாசம்

பதில்: அடிக்காதீர்கள் ஐயா. உறுமல் என்பது 'கிட்டே வராதே, எனக்குக் கடிக்க விருப்பமில்லை' என்று நாய் சொல்லும் பேச்சு. உறுமினால் அடி விழும் என்று தெரிந்தால் உறுமுவதை நிறுத்திவிடும், கடிப்பதை நிறுத்தாது. அதன் பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் கடி விழும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தனை வருடம் பேசாமல் இருந்த நாய் திடீரென்று உறுமினால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். காதில் சீழ், ஆடும் பல், இடுப்பு மூட்டு, காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் ஏறிய உண்ணி, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் கால்நடை மருந்தகத்தில் முடியாதென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம்.

அடுத்தது, சோறு வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கொல்லைப்புறத்தில் கதவைச் சாத்தி வைத்து, கால் மணி நேரம் விட்டு, நாய் தானாக எழுந்து போன பிறகு பெரியவர் ஒருவர் சட்டியை எடுக்கட்டும். 'பழக்குகிறேன்' என்று நடுவில் சட்டியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. பிடுங்கப் பிடுங்க, சோற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம்தான் நாய்க்கு வலுக்கும். பேத்தி கையால் சோறு வைப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

உறுமலுக்கு முன்பே நாய் பலவிதமாகச் சொல்லியிருக்கும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும்படி பார்க்கும். தின்ன ஏதும் இல்லாதபோதே உதட்டை நக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். காதைப் பின்னால் மடித்து வாலைக் கால் இடுக்கில் வைக்கும். எல்லாவற்றையும்விட, தின்றுகொண்டே இருந்தது சட்டென்று அசையாமல் நின்றால் உடனே பேத்தியை விலக்குங்கள். வால் ஆடுகிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம், விறைத்த உடம்போடு வாலை உயர்த்தி ஆட்டுவது கோபத்திலும் உண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் 'கொட்டாவி', 'நாக்கு', 'முகத்தைத் திருப்பிக்குது' என்ற மூன்றைக் காட்டிக்கொடுத்தால் விளையாட்டாகவே கண்டுபிடித்துச் சொல்லும்.

இன்னொன்றையும் விளையாட்டாகப் பழக்குங்கள். நாய் பாய்ந்து வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடம்போடு ஒட்டி, தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு தாழ்வாரத்துத் தூண் போல நிற்பது. ஓடினால் நாய் துரத்தும், நின்றால் மோந்து பார்த்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம். தெருவிலும் இது உதவும்.

ஆறேழு வயது வரை பிள்ளையையும் நாயையும் தனியாக விடக்கூடாது. கண்ணெட்டும் தூரத்தில் இருப்பது போதாது, கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் வேண்டும். அடுப்படியில் இருந்துகொண்டு 'பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்' என்றால், நடுவில் புகுந்து தடுக்க நேரம் இருக்காது.

கேள்வி: மூன்று வயது மகள் கோழிக்குஞ்சை ஆசையாகக் கையில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது செத்துவிட்டது. மூக்கைக்கூட அவள் மூடவில்லை. ஏன் இப்படி?
– வாசகி, திருவையாறு

பதில்: பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போய் வெளியே வரும். உடம்பைச் சுற்றி இறுகப் பிடித்தால், மூக்கு திறந்திருந்தாலும் மூச்சு நின்றுவிடும். மகளுக்கு அது தெரிய வழியில்லை. 'நீதான் கொன்னே' என்று சொல்லிவிடாதீர்கள். 'தூங்குது' என்றும் சொல்ல வேண்டாம், எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருப்பாள். 'செத்துப்போச்சு. குஞ்சை இறுக்கிப் பிடிச்சா அதால மூச்சு விட முடியாது. அடுத்த தடவை அம்மா சொல்லித் தரேன்' என்பது போதும்.

அடுத்த தடவை அவளைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து மடிமேல் வைக்கச் சொல்லி, நீங்கள் குஞ்சை அதில் விடுங்கள். விரல்களை மூடக்கூடாது. குதித்தால் மடியில்தான் விழும். இரண்டு நிமிடத்தில் திருப்பி விட்டுவிடுங்கள். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி அளவு சூடு வேண்டும், அதிக நேரம் வெளியே இருந்தால் குளிரில் துவண்டுவிடும். தாய்க்கோழி இருக்கும்போது குஞ்சைத் தூக்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள், முகத்தில் பாய்ந்து கொத்தும். குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதும் கூடாது. பார்க்க நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் இறகிலும்கூட வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

திருவிழாக்களில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைப் பிள்ளை அழுதாலும் வாங்காதீர்கள். தாயும் சூடும் இல்லாமல் வருபவை அவை, பெரும்பாலும் சில நாளில் பிள்ளையின் கண்முன்னே சாகும்.

கேள்வி: அறுவடை நேரத்தில் பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். பையன் ஆசைப்படுகிறான். வளர்க்கலாமா?
– வாசகர், வலங்கைமான்

பதில்: கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கதிர் முற்றும் பருவத்தில் வயலோரத் தென்னையில் கூட்டமாக வந்து உட்காரும், பையனை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டுப் பூனை கையில் பிறாண்டி லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம். வீட்டுப் பூனைதானே, ஊசி தேவையா? மகளுக்கு ஐந்து வயது. இரண்டு நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னாள்.
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இதைப் படித்ததும் இன்றே கூட்டிப்போங்கள், நாள் கடந்தாலும் ஊசி போடுவார்கள். பூனைக்கும் ரேபிஸ் என்னும் வெறிநோய் வரும். அந்த நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வீட்டுப் பூனையானாலும் வெளியே சுற்றிவிட்டுத்தான் வருகிறது. ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம்.

இனி இப்படி நடந்தால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நம் மனக்கணக்கில் இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், கட்டும் போட வேண்டாம்.

மகள் இரண்டு நாள் மறைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் திட்டு விழும் என்ற பயமாகத்தான் இருக்கும். 'பூனை பிறாண்டினாலும் நாய் கடிச்சாலும் உடனே சொல்லு, அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன்' என்று அடிக்கடி சொல்லி, அவள் சொல்லும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பூனைக்கும் மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று.

தோலில் போடும் முறையில் மகளுக்கு ஊசி நாட்கள் 0, 3, 7, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. காயம் ஆறிவிட்டது என்று 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, ஆகவே முதல் ஊசி போட்டு வந்ததும் நாட்காட்டியில் மற்ற மூன்று தேதிகளையும் வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.