வவ்வால் மரத்தடியில் இரண்டு வாரம்

‘காட்டைப் படிச்சு என்ன சார் ஆகப்போகுது, பாங்க் பரீட்சை எழுதலாம்ல?’ என்று நேற்று போனில் கேட்டீர்கள். பிளஸ் டூ எழுதிவிட்டு வனவிலங்குப் படிப்புக்குப் போக ஆசைப்படும் உங்கள் மகள், பின்னால் ‘போனை என்கிட்ட குடும்மா’ என்று சொல்வதும் கேட்டது. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வனவிலங்குப் படிப்பு என்றதும் பிள்ளைகள் புலியை நினைக்கிறார்கள். கைக்கு வந்து சேர்வது என்னவோ பெரும்பாலும் சாணமும் எண்களும்தான். வறட்சியில் யானையின் உடம்பு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று அறிய அதற்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. புதிதாகப் போட்ட சாணத்தை எடுத்து வந்து, அதில் கலந்திருக்கும் ஹார்மோன் எச்சத்தை ஆய்வகத்தில் அளப்பார்கள். விலங்கின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கும் விலங்கு உடலியங்கியல், காட்டுக்குள் போவது இப்படித்தான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் உள்ள மரம், செடி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். இன்னமும் திரும்பத் திரும்பப் போய் எது இருக்கிறது, எது செத்தது, எது பருத்தது என்று பதிகிறார்கள். அந்த வேலையில் சலிப்பு வராத பிள்ளைக்குத்தான் இந்தப் படிப்பு.

சலிப்பு வருமா வராதா என்பதை ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். உங்கள் ஊர்க் குளத்தங்கரை அரசமரத்தில் பழந்தின்னி வவ்வால்கள் தொங்குவதாக உங்கள் மகளே சொன்னாள். இந்தச் சித்திரை வெயிலில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, மரத்துக்குச் சற்றுத் தள்ளி நிழலில் அவள் உட்காரட்டும். நம்மைப் போல வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள வவ்வாலால் முடியாது. வெயில் ஏற ஏற இறக்கையால் விசிறிக்கொள்ளும். அதுவும் போதாதபோது உடம்பையும் இறக்கையையும் நக்கி எச்சில் பூசிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் இருபது வவ்வால்களைத் தேர்ந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை விசிறுகின்றன, எத்தனை நக்குகின்றன என்று எண்ணி, வெப்பமானி அளவோடு நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரம் போதும். மரத்துக்கு நேர் கீழே உட்கார வேண்டாம். கீழே விழுந்த வவ்வாலைத் தொடவோ, கடித்துப் போட்ட பழத்தை எடுக்கவோ கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

நான்காம் நாளே ‘போரடிக்குதும்மா’ என்றால் தப்பில்லை, மூன்று வருடம் மிச்சம். ‘மேற்குப் பக்கம் தொங்குறதெல்லாம் ஏம்மா லேட்டா விசிறுது?’ என்று சாப்பிடும்போது கேட்டால் பாங்க் பரீட்சைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சரி, கல்லூரிக்கு வருவோம். இளநிலையில் விலங்கியலே எடுக்கட்டும் என்பது என் கட்சி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இளநிலையிலேயே வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் இந்திய வனப் பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல் என்று பாடங்களைப் பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். வனவிலங்கு உயிரியல் என்ற பெயர் அதில் இல்லை. பின்னாளில் ஆசிரியர் வேலைக்குப் போனாலும், இந்தப் பட்டம் விலங்கியலுக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய நேரலாம். சான்றிதழில் இருக்கும் ஒரு வார்த்தைக்காக மூன்று வருட உழைப்பு தொங்கலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சிறப்புப் படிப்பை முதுநிலையில் வைத்துக்கொள்ளலாம். மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் படித்துப் போனவர்களை இந்தத் துறையில் எங்கே போனாலும் பார்க்கலாம். நுழைவுத் தேர்வு எழுதத் தயார் என்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டும் இருக்கின்றன. இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம்.

அவள் கணக்கு இல்லாத பிரிவில் படித்தவள் என்பதுதான் எனக்கு ஒரே கவலை. புள்ளியியலும் ஆர் என்ற இலவசக் கணினி மொழியும் தெரியாமல் இன்று சூழலியலில் ஒரு ப்ராஜெக்ட்கூடக் கிடைப்பது கஷ்டம். முன்பு ஒரு பையனிடம் யானை, காடு என்று உற்சாகமாகப் பேசி அனுப்பிவிட்டு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்து, ‘ஏன் சார் அப்பவே சொல்லல?’ என்று கேட்டான். முதல் வருடத்திலிருந்தே அவள் இதைக் கற்கட்டும்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அந்தத் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் விலங்கு உடலியங்கியலுக்குத் தனி அலகே உண்டு. ‘எனக்குக் காடு மட்டும் போதும்’ என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் ஆய்வுத் திட்டங்களில், தொண்டு நிறுவனங்களில், புலிகள் காப்பகங்களில் உயிரியலாளராக ஒப்பந்த வேலை. பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் நீட்டிப்பார்கள், சில சமயம் நீட்டிக்க மாட்டார்கள். இந்திய வனப் பணியில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குக் கொஞ்ச இடங்கள்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். வீட்டில் கடன் இருந்தால் இதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளை, காட்டில் தனியாக என்று பயப்படுகிறீர்கள். யாரும் தனியாகப் போவதில்லை. வனத்துறை அனுமதி வேண்டும், காட்டை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவராவது உடன் வருவார். முகாமில் வேறு யார் தங்குகிறார்கள், தனிக் கழிவறை உண்டா, ஜீப் உண்டா என்று ஆய்வை நடத்தும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அட்டைக்கடிக்கு மட்டும் விலக்கு கிடையாது.

எல்லா வேலையும் நடுக்காட்டில் நடப்பதும் இல்லை. வால்பாறையில் சோலைமந்திகள் (சிங்கவால் குரங்குகள்) வீட்டுக் கூரையில் ஏறி அடுக்களை வரை வருகின்றன. அவை அடிபடாமல் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். யானை அருகில் இருப்பதைத் தோட்டத் தொழிலாளருக்குக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் சொல்கிறார்கள். பஸ் போகும் ஊரில் நடக்கும் காட்டு வேலை அது. கிண்டி தேசியப் பூங்கா சென்னைக்கு நடுவில்தானே இருக்கிறது?

ரிசல்ட் வருவதற்குள் இரண்டு வாரம் தாராளமாகக் கிடைக்கும். முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வவ்வால் நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.