வாசகர் கேள்வி-பதில்: டவுன்ஹால் யாருக்காகக் கட்டியது?

கேள்வி: பெங்களூரில் தமிழர்கள் நிறைந்திருப்பது அல்சூர், சிவாஜி நகர் பக்கம். டவுன்ஹாலை மட்டும் ஏன் ஜே.சி. ரோட்டில் கட்டினார்கள்?
– வாசகி, அல்சூர்

பதில்: கட்டிய காலத்தில் அல்சூர் அந்த ஊரிலேயே சேர்த்தி இல்லை! 1933-ல் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டியபோது பெங்களூர் இரண்டு ஊராக இருந்தது. பழைய பேட்டையும் அதைச் சுற்றி வளர்ந்த சிட்டியும் மைசூர் அரசின் கையில். அல்சூரை உள்ளடக்கிய கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) ஆங்கிலேயர் கையில். நகராட்சியும் தனித்தனி. டவுன்ஹால் சிட்டிக்காரர்களின் கூட்ட மண்டபம், ஆகவே பேட்டையை ஒட்டி எழுந்தது. மிர்ஸா இஸ்மாயில் திவானாக இருந்த காலம் அது. 1935-ல் யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையார் திறந்துவைத்தார். டவுன்ஹால் பெயர்ப் பலகையில் இருக்கும் சர் கே.பி. புட்டண்ண செட்டி, சிட்டி நகராட்சியின் தலைவராக இருந்தவர்.

கண்டோன்மென்ட் பக்கத்துக்கு 1883-லேயே மேயோ ஹால் வந்துவிட்டது. அந்தமானில் 1872-ல் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவாகக் கட்டியது. 1947-ல் கண்டோன்மென்ட் மைசூரிடம் திரும்பி வந்தது. 1949-ல் இரண்டு நகராட்சியும் ஒரே மாநகராட்சி ஆயின. டவுன்ஹாலில் அல்சூருக்குப் பாத்தியதை வந்தது அதன் பிறகுதான்.

கேள்வி: முகப்புத் தூண்கள் கிரேக்க பாணி என்கிறார்களே?
– வாசகர், ஜெயநகர்

பதில்: பாதி சரி. மேலே உள்ள முக்கோண முகப்பு கிரேக்கக் கோயிலிலிருந்து வந்தது. தூண்கள் டஸ்கன், அதாவது ரோமானியக் கை. படியேறி ஒரு தூணருகே நின்று பாருங்கள். கிரேக்க டோரிக் தூண் என்றால் உடம்பு நெடுக வரிப்பள்ளம் ஓடும், அடிப்பீடம் இருக்காது. டஸ்கன் தூண் மொழுமொழுவென்று, அடியில் பீடத்தோடு நிற்கும். தலையில் இலை, சுருள் எதுவும் கிடையாது.

கேள்வி: டவுன்ஹால் படிக்கட்டில் இப்போது போராட்டங்களையே காணோமே?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: 2021-ஆம் ஆண்டின் ஆணைப்படி ஆர்ப்பாட்டங்களுக்கு ஃப்ரீடம் பார்க்தான் இடம். பழைய மத்திய சிறை வளாகம் அது. பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்!

கேள்வி: டவுன்ஹாலில் எங்கள் சங்கத்தின் பட்டிமன்றமும் கச்சேரியும் நடத்த எண்ணம். இந்த மாதிரி பழைய ஹால்களில் பேச்சு எதிரொலித்துக் குழம்புகிறது. என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர், விவேக் நகர்

பதில்: உயரக் கூரையும் வெறும் சுவருமாக இருந்தால் குரல் திரும்பி வரத்தான் செய்யும். ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் உடம்பும் உடையும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். காலியான ஹாலில் மைக் சரிபார்த்துவிட்டு, அதே அளவில் மாலையில் ஓட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. கூட்டம் சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கி மறுபடி பாருங்கள்.

சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வராது. முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அலறவிடாமல், ஹாலின் பாதி தூரத்தில் சிறிய பெட்டிகள் இரண்டு வையுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். பின்பெட்டி முன்பெட்டியிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தால் அதற்கு 50 மில்லி நொடி தாமதம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும்; நடுவரின் நகைச்சுவை வீண்.

மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான பெட்டி மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், வாய்ப் பக்கம் வந்தால் கீச்சிடும். மிருதங்கத்துக்கு வலந்தலை (வலப்பக்கம்), தொப்பி (இடப்பக்கம்) இரண்டுக்கும் தனி மைக்.

ஒலிபெருக்கி விதி இரவு 10 முதல் காலை 6 வரை தடுக்கிறது. மூடிய அரங்குக்குள் கேட்பதற்கு விலக்கு உண்டு. கதவைத் திறந்துபோட்டு வாசலுக்கு ஒரு பெட்டி கட்டினீர்களானால் அந்த விலக்கு போய்விடும்.