கடலுக்குப் போவது வீணா? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை இடித்ததை ஏதோ திருவிழாபோல எழுதியிருந்தீர்கள். நூறாண்டு நின்ற அணையை உடைத்துவிட்டு மீன் திரும்பியது என்று மகிழ்வது வெறும் பழமை ஏக்கம்தானே? கடலுக்கு வீணாகப் போன நீரைத் தடுத்தவர்கள் முட்டாள்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முட்டாள்கள் இல்லை. அந்த வட்டாரத்துக்கு மின்சாரம் தந்தவர்கள். ஆனால் மீன் ஏறிப்போக வழி விட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் அப்போதே சொன்னது. அதை மீறித்தான் 1913ல் முதல் அணை எழுந்தது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சால்மன் மீன், எட்டு கிலோமீட்டர் வந்ததும் சுவரில் முட்டி நின்றது.

'வீணாக' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடறுகிறது. ஆறு தண்ணீரை மட்டுமா கொண்டுபோகிறது? மணலையும் கூழாங்கல்லையும் வண்டலையும் சுமந்து செல்கிறது. இரு அணைகளுக்குப் பின்னால் ஏறத்தாழ 2 கோடி கன மீட்டர் மண் தேங்கிக் கிடந்தது. அது வராததால் முகத்துவாரத்தில் கரை அரித்துப்போனது. அணைக்குக் கீழே படுகையில் பெருங்கற்களே மிஞ்சின. சால்மன் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும் மீன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த மீனுக்கும் இடம் போயிற்று.

2011 முதல் 2014 வரை கொஞ்சம் கொஞ்சமாக இடித்தார்கள், தேங்கிய மண் ஒரேயடியாக இறங்கிவிடக்கூடாதென்று. அப்படியும் ஆறு சேறாகத்தான் ஓடியது. கலங்கல் கடல்வரை போய், வெளிச்சம் கிடைக்காமல் கெல்ப் என்ற பெரிய கடற்பாசியின் காடுகள் சிறுத்தன. அப்போது நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் நானும் தடுமாறியிருப்பேன். பிறகு நீர் தெளிந்தது, பாசி மீண்டது, முகத்துவாரத்தில் புதிய மணற்கரை வளர்ந்தது.

எல்லா அணையையும் இடிக்கச் சொல்லவில்லை. வயலுக்கு நீர் தரும் அணையின் கணக்கு வேறு. எல்வாவில் பாசனம் கிடையாது. பிற்காலத்தில் அதன் மின்சாரம் ஒரே ஒரு காகித ஆலைக்குத்தான் போனது, அதன் தேவைக்கும் முழுதாகப் போதவில்லை.

ஏக்கம் என்றீர்கள். அங்குள்ள கிளாலம் பழங்குடியினர் தாங்கள் படைக்கப்பட்ட இடம் என்று நம்பும் தலம் நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கிக் கிடந்தது. நீர் வடிந்ததும் அது வெளியே வந்தது. அமெரிக்க அரசோடு செய்த 1855 உடன்படிக்கை அவர்களுக்கு மீன்பிடி உரிமை தந்திருந்தது; மீன்தான் இல்லாமல் போயிற்று. இடிப்பு தொடங்கியபோது மீன் பெருகட்டும் என்று ஆற்றில் மீன்பிடிப்பையே நிறுத்திவைத்தார்கள். 2023ல்தான் கோஹோ என்ற வகை சால்மனைப் பிடிக்க அவர்கள் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள், அதுவும் அளவோடு.