உள்ளூர் விதிகளால் சொத்தை விரும்பியபடி பயன்படுத்த முடியாதவருக்குச் சொத்து வரியைத் திருப்பித் தருவது நியாயமான ஈடாகுமா?

அமெரிக்க மாநிலங்களின் அனுபவத்தை வைத்துச் சொல்வதானால், சில இடங்களில் மட்டும் ஆகும் என்பதே என் கருத்து. ஒரு தெருவில் யாரும் மூன்று மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்றால், அந்த விதியால் இழப்பவரே பக்கத்து வீடு உயராததால் காற்றும் வெளிச்சமும் பெறுகிறார்; அவருக்குத் தனியே ஈடு வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு பழைய வீட்டை மட்டும் குறிப்பிட்டு, இடிக்கக்கூடாது, உளுத்துப்போன சன்னல் சட்டத்தைக்கூட அதே மரவேலைப்பாட்டோடுதான் மாற்ற வேண்டும் என்று விதித்தால், ஊரே ரசிக்கும் அழகுக்கு அவர் ஒருவரே பணம் கட்டுகிறார். அந்தச் சுமையை ஊர் பகிர்ந்துகொள்வதுதான் முறை.

கலிபோர்னியாவின் மில்ஸ் சட்டம் (1972) இதைத்தான் செய்கிறது. அங்கே வரியை வசூலித்துவிட்டுத் திருப்பித் தருவதில்லை, முதலிலேயே குறைத்துவிடுகிறார்கள். உரிமையாளரும் உள்ளூர் நிர்வாகமும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர்; அவர் கட்டடத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்க, அது ஈட்டக்கூடிய வருமானத்தை அடிப்படையாகக் கொண்டு வரி மதிப்பிடப்படுகிறது. பெற்ற சலுகைக்கு ஏற்ற வேலை நடந்திருக்கிறதா என்று கேட்க ஊருக்கும் உரிமை கிடைப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம்.

ஓரிகனில் 2004இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 37ஆம் முன்மொழிவு வேறு வழியில் சென்றது. விதியால் நிலமதிப்பு குறைந்தால் பணமாக ஈடு கொடு, இல்லையேல் அந்த உரிமையாளருக்கு விதியிலிருந்து விலக்கு அளி என்றது. கொடுக்கப் பணமில்லாத நிர்வாகங்கள் பெரும்பாலும் விலக்கே அளித்தன. 2007இல் வாக்காளர்களே 49ஆம் முன்மொழிவால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். வரியைத் திருப்பித் தரும் முறையில், கட்டிய வரிக்கு மேல் தர வேண்டாம் என்று வரம்பு வைத்தால் கருவூலம் இப்படித் தத்தளிக்காது. ஆனால் வரி குறைவாகவும் இழப்பு பெரிதாகவும் உள்ள காலி மனைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். மேலும், விதியின் விளைவை வரி மதிப்பீட்டிலேயே கழித்திருந்தால் அதே இழப்புக்கு இருமுறை ஈடு தராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதே எனக்குப் பெரிய கவலை. விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருப்போருக்கு வரியைக் குறைக்கும் கலிபோர்னியாவின் வில்லியம்சன் சட்டத்தில் (1965), கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதிகளின்) வருவாய் இழப்பில் ஒரு பகுதியை மாநிலம் ஈடுசெய்து வந்தது; 2009 நிதி நெருக்கடியில் அந்த உதவி ஏறத்தாழ நின்றுபோக, சுமை கவுண்டிகளின் தலையில் விழுந்தது. எனவே, கட்டுப்பாட்டை விதிக்கும் தீர்மானத்திலேயே அதற்கான நிதி எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.