ஒளிரும் எழுத்துக்கு எந்த ஓரப்பட்டி?

கேள்வி: கடை முகப்பில் தமிழில் பெயர் வைக்கிறோம், தனித்தனி எழுத்தாக, முன்பக்கம் அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி. ஓரத்தில் தங்க நிறப் பட்டி வேண்டும் என்று ஆசை. போர்டு செய்பவர் பிளாஸ்டிக், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மூன்று மாதிரி காட்டினார். மூன்றும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன. எதை எடுப்பது?

பதில்: நிறத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஸ்கேலை எடுத்து உங்கள் எழுத்தின் கோடு எவ்வளவு அகலம் என்று அளந்து பாருங்கள். உயரத்தை எல்லோரும் கேட்பார்கள், கோட்டின் அகலத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஓரப்பட்டி சரியாக அமைவதும் அமையாததும் அதில்தான் இருக்கிறது. பட்டி அக்ரிலிக்கின் மேல் கொஞ்சம் மடிந்து உட்காரும். அந்த மடிப்பு 8 மி.மீ. என்று வையுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து 16 மி.மீ. மறைந்துவிடும். கோடு 60 மி.மீ. என்றால் அது வேட்டிக்கரை மாதிரி எடுப்பாக இருக்கும். அதுவே 30 மி.மீ. கோடு என்றால் வெளிச்சம் வர மிஞ்சுவது 14 மி.மீ. மட்டுமே, உலோகம் துளி ஒளியையும் உள்ளிருந்து விடாது, ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து மெலிந்து தெரியும். மெல்லிய கோடு என்றால் மடிப்பு குறைவான பட்டி கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லையென்றால் எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக வரையச் சொல்லுங்கள்.

அடுத்தது வளைவு. நம் எழுத்தில் சுழிக்குப் பஞ்சமே இல்லை. பிளாஸ்டிக் பட்டி சொன்னபடி வளையும். அலுமினியம் ஓரளவு வளையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சின்னச் சுழியில் முரண்டு பிடிக்கும், மடிப்பு சுருங்கி நெளியும், நெளியாமல் இருக்க ஆங்காங்கே வெட்டு போடுவார்கள். அந்த வெட்டு சரியாகச் சேரவில்லை என்றால் விளக்கு போட்டதும் பற்பற்களாக வெளிச்சம் கசியும். பகலில் இது கண்ணுக்கே படாது. அதனால் மொத்த வேலைக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ‘ண்’ ஒன்றை மட்டும் செய்து, இருட்டில் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுழியும் உண்டு, புள்ளியும் உண்டு. அதில் தேறினால் மற்ற எழுத்துகளைப் பற்றிக் கவலை வேண்டாம். புள்ளி ரொம்பச் சின்னதாக இருந்தால் அதற்கு மட்டும் பட்டி இல்லாமல் விட்டுவிடுவதும் நல்ல யோசனைதான்.

இப்போது பொருளுக்கு வருவோம். தங்கமாக மின்னும் பிளாஸ்டிக் பட்டியில் பெரும்பாலும் மேலே ஒட்டியிருப்பது மெல்லிய படலம். வெயில் பட்டுப் பட்டு அது மங்கும், உரியும், உள்ளே பிளாஸ்டிக்கும் மொறுமொறுவென்று ஆகிவிடும். எது பிளாஸ்டிக், எது உலோகம் என்று தெரிய வேண்டுமானால் வெட்டிய முனையைப் பாருங்கள், மேற்பரப்பு யாரையும் ஏமாற்றும், முனை ஏமாற்றாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தங்க நிறம் பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. கெட்டியானது, நன்றாக நிற்கும். ஆனால் பூசிய பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் நிறம் போய்விடும், அதனால் எழுத்தை முழுசாகச் செய்து முடித்த பிறகு பூசுகிறார்களா என்று கேளுங்கள். கடலோரம் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாது, மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். மற்றபடி வெயில் படும் சாதாரண முகப்புக்கு, சுழி நிறைந்த எழுத்துக்கு, என் ஓட்டு நிறம் ஏற்றிய அலுமினியத்துக்குத்தான். எடை குறைவு, துரு இல்லை, வளைப்பதும் எளிது. கண்ணாடிப் பளபளப்பைவிட மேட் எடுங்கள், விரல் ரேகையும் நெளிவும் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: எங்கள் போர்டில் மத்தியான வெயிலில் ‘டக் டக்’ என்று சத்தம். ஒரு எழுத்தில் அக்ரிலிக் பட்டியை மீறிப் புடைத்து நிற்கிறது. பட்டி சரியில்லையா?

பதில்: பட்டி மேல் தப்பில்லை, இடைவெளி விடாததுதான் தப்பு. 30 டிகிரி சூடு ஏறினால் 1 மீட்டர் அக்ரிலிக் சுமார் 2 மி.மீ. நீளும், அலுமினியம் முக்கால் மி.மீ. கூட நீளாது. அக்ரிலிக்கைப் பட்டிக்குள் இறுக்கிப் பொருத்தினால் அதற்குப் போக இடமில்லை, புடைக்கும், சில சமயம் மூலையில் விரிசல் விடும். அக்ரிலிக்கை ஓரத்தில் கொஞ்சம் ராவி, இளகிக்கொடுக்கும் சிலிக்கான் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், முன்பக்கத்தைச் சுற்றிலும் ஒட்டி அடைத்துவிடாமல் பக்கவாட்டில் ஸ்க்ரூ போட்டால் நாளைக்கு ஒரு எல்.இ.டி. போனாலும் கழற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: பட்டிக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. முழுக்க அடைத்துவிடலாமா?

பதில்: மேல் பாதியை அடையுங்கள், கீழே அடைக்காதீர்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும், அது வெளியேற ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் சுமார் 6 மி.மீ. ஓட்டை வேண்டும். ‘ஐ’, ‘ஊ’ போன்றவற்றில் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றிலும் போடச் சொல்லுங்கள்.