சாக் கணக்கை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்

உங்கள் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் 5 பேர் கொண்ட போன வருட முன்வரிசையில் 3 பேர் போய்விட்டார்கள், மாற்றலில் 2 பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்தில் சாக்கே (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) விழவில்லை, அதனால் இந்த வரிசையை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆட்டத்தை முதலில் மறந்துவிடுங்கள். குவார்ட்டர்பேக்கைத் தொடக்கூடாது, அவரை வீழ்த்தப் பாயும் தடுப்பணியும் தன் வித்தைகளை ஒளித்து வைத்துத்தான் ஆடும், அதில் என்ன தெரியும்?

நான் முதலில் பார்ப்பது சென்டரை, அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்பவரை. எதிரணி எந்தப் பக்கம் பாய்ந்து வரும் என்று படித்து மற்ற 4 பேருக்கும் குரல் கொடுப்பது பெரும்பாலும் அவர்தான், அவர் புதுசு என்றால் பக்கத்தில் நிற்கும் பழைய ஆட்களும் தடுமாறுவார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள், 2023-இல் நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது அவர்களுக்கு. அடுத்த சீசனுக்குள் இரண்டு டேக்கிள்களும் (வரிசையின் இரு ஓரத்தில் நிற்பவர்கள்) தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போய்விட்டார்கள், சென்டர் பிரெயில்ஸ்ஃபோர்ட் பயிற்சியாளர் பின்னாலேயே அலபாமாவுக்கு மாறிவிட்டார். 2024-இல் 6 வெற்றி, 7 தோல்வி. பயிற்சியாளரும் குவார்ட்டர்பேக்கும் போனதும் காரணம்தான், இருந்தாலும் முன்வரிசை கரைந்தது கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம், மாற்றலில் வந்த அந்த இரண்டு பேரும் முன்பு எந்த இடத்தில் ஆடினார்கள் என்று தேடுங்கள். கார்டாக (சென்டருக்கும் டேக்கிளுக்கும் இடையில் நிற்பவர்) ஆடியவரை டேக்கிளாக நிறுத்தினால் ஓரத்தில் வேகமாக வருபவனிடம் மாட்டிக்கொள்வார். (உங்கள் குவார்ட்டர்பேக் இடதுகையா? அப்படியென்றால் முதுகுப்பக்கம் காப்பது வலது டேக்கிள்.) 6, 7, 8-ஆவது ஆள் யார் என்பதும் முக்கியம், 5 பேரும் காயமில்லாமல் நவம்பரைத் தாண்டுவது அபூர்வம்.

சென்டர் யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?