சட்ட ஆலோசனை: எஞ்சின் விளக்கு அணைந்துவிட்டால் ரிப்பேர் முடிந்துவிட்டதா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். போன மாதம் பழைய கார் டீலர் ஒருவரிடம் எட்டு வருடம் ஓடிய ஜப்பானிய செடான் ஒன்றை 33,500 வெள்ளிக்கு வாங்கினேன். பாதிக்கு மேல் கடன். ஒன்பதாம் நாள் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தது. என் மச்சான் புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0302, பி0420 என்று பழுதைக் குறிக்கும் இரண்டு கோடு (குறியீட்டு எண்) வந்தது. டீலர் தன் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, கோடுகளை அழித்து ரீசெட் செய்து கொடுத்தார். நான்கே நாளில் மறுபடியும் எரிந்தது, மறுபடியும் ரீசெட். மூன்றாம் தடவை போனபோது, "ஆஸ் இஸ் வேர் இஸ், அதாவது உள்ளது உள்ளபடி வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பழைய காரில் தேய்மானம் சகஜம்" என்று சொல்லிவிட்டார். வேறு வொர்க்‌ஷாப்பில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் மாற்ற 2,850 வெள்ளி என்கிறார்கள். அங்கேயே செய்துவிட்டு பில்லை டீலருக்கு அனுப்பலாமா? அதுவரை மாதத் தவணையை நிறுத்திவைக்கலாமா? மச்சான் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் செல்லுமா?

பதில்: முதல் இரண்டுக்கும் இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவதற்கு, செல்லும். ஆனால் இதையெல்லாம்விட அவசரமானது நீங்கள் கேட்காத ஒன்று: பதிவெடுக்காமல் இனி யாரும் அந்தக் கோடுகளை அழிக்க விடாதீர்கள்.

எஞ்சின் கம்ப்யூட்டர் பழுதைக் கண்டதும் கோடு எண்ணை மட்டும் குறித்துவைப்பதில்லை. அந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். ரீசெட் செய்தால் கோடும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்தே போய்விடும். பழுது மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் செய்கிற வேலை இது. உங்கள் வழக்கைப் பொறுத்தவரை அது சாட்சியத்தைத் துடைத்துவிடுகிற வேலை.

வாங்கிய அன்று எரியாத விளக்கு ஒன்பதாம் நாள் ஏன் எரிந்தது? டீலர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்: "கொடுக்கும்போது சுத்தமாக இருந்தது." பி0420 என்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான கோடு. கம்ப்யூட்டர் அந்தச் சோதனையைச் சாவி போட்டதும் செய்வதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் சோதனை முடியும். அதிலும் பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தேறாவிட்டால்தான் விளக்கு எரியும். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம், அங்கிருந்து சந்தை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடும் காரில் இதற்குப் பல நாள் ஆகலாம். ஆக, விற்பதற்குச் சற்று முன் கோடை அழித்திருந்தாலும் டெஸ்ட் டிரைவில் டேஷ்போர்டு சுத்தமாகத்தான் தெரியும்.

அழித்தார்களா என்பதற்கும் காரிலேயே தடயம் உண்டு. பல கார்களில் ‘கோடு அழித்தபின் ஓடிய தூரம்’, ‘அழித்தபின் எத்தனை முறை எஞ்சின் சூடேறியது’ என்ற இரண்டு கணக்கும் ஸ்கேனரில் தெரியும். மச்சான் முதல் நாள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுகளில் அந்தத் தூரம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். காரை எடுக்கும்போது ஓடோமீட்டர் 98,640. ஸ்கேன் செய்த அன்று 99,015. நீங்கள் ஓட்டியது 375 கிலோமீட்டர். ஸ்கேனர் 402 காட்டினால், கார் உங்கள் கைக்கு வருவதற்கு 27 கிலோமீட்டர் முன்பு யாரோ கோடை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீலர் "பேட்டரி மாற்றினோம்" என்று சொல்லக்கூடும். பேட்டரியைக் கழற்றினாலும் பல கார்களில் இந்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போகும் என்பது உண்மைதான். அப்படியானால் பேட்டரி வாங்கிய பில்லைக் கேளுங்கள். டீலரின் வொர்க்‌ஷாப் முதல் தடவை ரீசெட் செய்தபின் எடுத்த படங்கள் இந்த வாதத்துக்கு உதவாது. கணக்கு அங்கிருந்துதான் மறுபடி தொடங்கியிருக்கும். அந்தத் தூரம் படத்தில் இல்லாவிட்டாலும் உங்கள் வழக்கு விழாது. ஏன் என்று கீழே வருகிறேன்.

இப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இந்த வாரமே முழுப் பதிவு எடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆனில் வைத்து, கோடுகள், இன்னும் உறுதியாகாத பென்டிங் கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம், எந்தெந்தச் சோதனை முடிந்தது என்று காட்டும் ரெடினஸ் பக்கம், மேலே சொன்ன தூரம், எல்லாவற்றையும் சேமியுங்கள். படமாக மட்டும் வேண்டாம். நம்பர் பிளேட்டில் தொடங்கி, ஓடோமீட்டருக்கு வந்து, போன் திரையில் முடியும் ஒரே வீடியோ எடுங்கள். அது எந்தக் கார் என்ற கேள்வியே எழாது. அதே வீடியோவில் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மீண்டும் ஆனில் வைத்து, எஞ்சின் விளக்கு பல்ப் வேலை செய்வதையும் காட்டுங்கள். ஸ்டார்ட் செய்யாத நிலையில் அது கட்டாயம் எரிய வேண்டும்.

அடுத்தது, கோடு என்பது புகார்தான், தீர்ப்பல்ல. பி0420 வந்தாலே கன்வெர்ட்டர் போய்விட்டது என்று எழுதித் தருகிற வொர்க்‌ஷாப்பின் தாளை டீலர் ஒரு நிமிடத்தில் கிழித்துவிடுவார். பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும், எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே கோடு வரலாம். உங்கள் காரில் பி0302 கூடவே வந்திருப்பது முக்கியம். அதன் பொருள் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. அங்கே எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகுகிறது. மிஸ்ஃபயரைத் தீர்க்காமல் கன்வெர்ட்டரை மாற்றினால் புதியதும் கருகும். அதனால் வொர்க்‌ஷாப்பிடம் கேட்க வேண்டியது விலைப்பட்டியல் அல்ல, பரிசோதனை அறிக்கை. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கட்டும்: கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட். இந்தச் சோதனைக்கு அவர்களே கோடை அழிக்க வேண்டிவரும். அதனால்தான் பதிவை முதலில் எடுக்கச் சொன்னேன். கன்வெர்ட்டருக்கு எக்ஸாஸ்ட் ஓட்டை பார்த்ததும், முன்பின் சென்சார்களின் வோல்டேஜ் வரைபடமும் அறிக்கையில் வேண்டும். தேதி, வண்டி எண், ஓடோமீட்டர், செய்த சோதனை, கிடைத்த அளவு, மெக்கானிக்கின் பெயர், முத்திரை, இவ்வளவும் இருக்கட்டும். டீலரோடு தொடர்பில்லாத ஆய்வு வேண்டுமென்றால் விகோம், எஸ்டிஏ போன்ற வாகனப் பரிசோதனை நிலையங்களிலும் பழைய காரை மதிப்பிட்டுத் தருவார்கள்.

இனி சட்டம். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் பகுதியைத்தான் ‘லெமன் சட்டம்’ என்கிறார்கள். அது பழைய காருக்கும் பொருந்தும். கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். அதனால்தான் தூரக் கணக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வழக்கு நிற்கும் என்றேன். ஒன்பதாம் நாள் வந்த கோடு, அழித்ததும் நான்கு நாளில் அதே கோடு, அதுவே போதிய தொடக்கம். டீலர் அழித்தார் என்று காட்ட முடிந்தால் அது தனிக் குற்றச்சாட்டு. வாங்குபவரை ஏமாற்றும் நியாயமற்ற செயல் என்று அதே சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

"ஆஸ் இஸ் வேர் இஸ்" வரியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்த வரியால் பறிக்க முடியாது. பொருள் விற்பனைச் சட்டம் கேட்கும் ‘திருப்தியான தரம்’ என்ற நிபந்தனையையும் பயனீட்டாளருக்கு எதிராக விலக்கிவைக்க முடியாது. ஆனால் வேறொரு வரி உங்களைச் சாய்க்கும்: "எஞ்சின் விளக்குக் கோளாறு வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எங்காவது எழுதி, அதன் கீழ் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? முன்கூட்டியே சொன்ன குறைக்குப் பின்னால் புகார் செய்ய முடியாது. கார் ஒப்படைப்புத் தாளையும் எடுத்துப் படியுங்கள். ‘தேய்மானம்’ என்ற வாதத்தையும் முழுதாக ஒதுக்க மாட்டேன். எட்டு வருடக் காரிடம் புதுக் காரின் தரத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது, வயதும் விலையும் கணக்கில் வரும். பிளக் தேய்ந்ததற்கு, வழக்கை விசாரிக்கும் நடுவர் தோளைக் குலுக்கலாம். செயலிழந்த கன்வெர்ட்டர் அப்படியல்ல.

ஒப்பந்தத்தில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். இங்கே நிறைய கார்கள் கன்சைன்மென்ட்டில் போகின்றன: டீலர் இடைத்தரகர், விற்பவர் தனிநபர். தனிநபர் தனிநபருக்கு விற்றால் லெமன் சட்டம் கிடையாது. ஆனால் தான் ஒரு தனிநபருக்காக விற்பதை உங்களுக்குத் தெரிவிக்காமலே டீலர் விற்றிருந்தால், பொருள் விற்பனைச் சட்டத்தின் தர நிபந்தனை அப்போதும் நிற்கும். கடைப் பலகையில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனப் பெயரும் வேறாக இருப்பதும் சகஜம். நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பதிவில் நிறுவன எண்ணைத் தேடி, சரியான பெயருக்கே எழுதுங்கள்.

பில்லை அனுப்பும் யோசனை இங்கேதான் தடுக்கிறது. லெமன் சட்டத்தின் வரிசைப்படி முதலில் ரிப்பேர் அல்லது மாற்றுப் பொருள். பழைய காருக்கு மாற்று என்பது நடக்காத காரியம், ஆக ரிப்பேர். நியாயமான காலத்தில், உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லாமல், தன் செலவில் அதைச் செய்ய டீலருக்கு வாய்ப்பு தந்தாக வேண்டும். அவர் செய்யாவிட்டால் விலைக் குறைப்பு, அல்லது காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம். திருப்பினால் நீங்கள் ஓட்டிய காலத்துக்குக் கழிவு உண்டு. டீலருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை வாய்ப்பு தந்தாயிற்று, ரீசெட் ரிப்பேர் அல்ல என்று நீங்கள் வாதிடலாம், நல்ல வாதம்தான். ஆனாலும் எழுத்தில் ஒரு கடைசி வாய்ப்பு கொடுத்துவிடுங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும்: வாங்கிய தேதி, விளக்கு எரிந்த மூன்று தேதிகள், ஒவ்வொரு தடவையும் ஓடோமீட்டர், கோடுகள், அறிக்கையின் நகல், 14 நாளுக்குள் உங்கள் செலவில் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வெளியில் செய்து 2,850 வெள்ளியைக் கோருவேன். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அப்புறம் வெளியில் செய்யுங்கள்.

அதற்கும் பிறகு சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழியாகச் சமரசம் முயலலாம், அல்லது நேரே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள். உங்கள் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, அரசின் இணைய அடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே மனு. சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் அங்கே கட்டுப்படுத்தாது, ஆகவே மச்சானின் ஸ்க்ரீன்ஷாட் தாராளமாகச் செல்லும். அவரையே சாட்சியாகவும் அழைத்துப் போங்கள். வக்கீல்களுக்கு அங்கே இடமில்லை, என் தொழிலுக்குக் கொஞ்சம் நஷ்டம். சேல்ஸ்மேனோடு தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொண்டுபோங்கள். முழு 33,500 வெள்ளியைத் திரும்பக் கேட்பதானால் இந்த மன்றம் போதாது. 60,000 வெள்ளி வரை கேட்கக்கூடிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 2,850 வெள்ளிப் பழுதுக்கு அந்தப் பாதையை நான் சொல்ல மாட்டேன்.

தவணையை நிறுத்தாதீர்கள். ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை வரை கார் நிதி நிறுவனத்தினுடையது. நிறுத்தினால் வண்டியையே பறிமுதல் செய்வார்கள், கடன் பதிவிலும் கறை விழும், டீலருக்கு அதில் ஒரு காசு நஷ்டமில்லை. டீலருக்கு எழுதும் கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டலாம். மினுமினுத்தால் ஓரம்கட்டி நிறுத்தி, இழுவண்டியை அழையுங்கள். அந்த மினுமினுப்பு, மிஸ்ஃபயர் இப்போதே கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். அதை அலட்சியப்படுத்தி ஓட்டியிருந்தால், "கன்வெர்ட்டரை எரித்தது நீங்கள்தான்" என்று டீலர் சொல்வார், அதில் நியாயமும் இருக்கும். இழுவண்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

ரிப்பேர் யார் செய்தாலும், கழற்றிய காயிலையும் கன்வெர்ட்டரையும் உங்களிடம் தரவேண்டும் என்று வேலை தொடங்குமுன் எழுதி வாங்குங்கள். பழைய கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம் இருப்பதால் அதற்குத் தனி விலை உண்டு. கேட்காவிட்டால் திரும்பி வராது. உள்ளே உருகிப்போன பீங்கான் தெரியும்படி வொர்க்‌ஷாப்பிலேயே வண்டி எண்ணோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.